பட்டை விழுந்த வயல்

ரொம்பக் காலத்துக்கு முன்னால் கோரையாற்று நாட்டை வல்லபன் என்று ஒரு ராஜா ஆண்டான். நல்லவன்தான், பொறுமைதான் கிடையாது. வயலில் சாம்பலைத் தனியாக, புண்ணாக்குத் துண்டுகளைத் தனியாகத் தூவுவதைப் பார்த்தவன், "எதுக்கு ரெண்டு தடவை நடக்கணும்? கலந்து ஒரே வீச்சா வீசு" என்று உத்தரவு போட்டான்.

அரண்மனை வயலில் உரம் தூவுகிற செங்காணி அப்படியே செய்தான். பயிர் பட்டை பட்டையாகப் பச்சையும் மஞ்சளுமாக வளர்ந்தது.

செங்காணியை வேலைக்கு வைத்தவர் மந்திரி அழகிய நம்பி. மந்திரியைக் கண்டாலே வயிறு எரிகிற பண்ணை அதிகாரி சடையப்பர், மஞ்சள் பட்டைக்குரிய உரத்தைச் செங்காணி திருடி விற்றுவிட்டான் என்றார். ராஜா நம்பிவிட்டான். ராஜாக்களுக்கு அதுதான் சுலபம். பௌர்ணமிக்குள் குற்றமில்லை என்று காட்டாவிட்டால் செங்காணி நாட்டை விட்டே போக வேண்டும் என்றான்.

ஊர் அதுவரைகூடக் காத்திருக்கவில்லை. யாரும் செங்காணியோடு பேசவில்லை. உப்பு வாங்கப் போனால் சைகை காட்டி அளந்து கொடுத்தார்கள். அவன் மாட்டோடு பேசிப் பார்த்தான். அது பாட்டுக்கு வைக்கோல் தின்றது.

பௌர்ணமியன்று மந்திரி ஒரு கூடைப் பொரியில் வறுத்த கடலையைக் கலந்து சபைக்குக் கொண்டுவந்தார். இதைச் சமமாக வீசுங்கள் பார்ப்போம் என்று சடையப்பரிடம் நீட்டினார். அவர் கையை ஓங்கி வீசினார். கடலை பறந்து ராஜாவின் மடியில் விழுந்தது. பொரி சடையப்பரின் காலைச் சுற்றியே கொட்டியது.

"உங்க காலடியில ஒரு கடலையைக்கூடக் காணோமே, யாருக்கு வித்தீங்க?" என்றார் மந்திரி.

சபை சிரித்தது. ராஜாவும் சிரித்தான், சட்டென்று நிறுத்தினான். கனமான புண்ணாக்கு தூரப் போயிருக்கிறது, லேசான சாம்பல் பக்கத்திலேயே விழுந்திருக்கிறது. கலக்கச் சொன்னது யார்?

"தப்பு என்னுது" என்றான். மந்திரிக்குத் தன் சால்வையைப் போர்த்தினான். உனக்கு என்ன வேண்டும் என்று செங்காணியைக் கேட்டான்.

"ஊரு என்னோட பேசணும் ராஜா."

"வாயைத் திறக்க உத்தரவு போடலாம். அது பேச்சாகாதே" என்றான் ராஜா.

மந்திரி ஒரு வழி சொன்னார். இனி ரெண்டு உரத்தையும் தனித்தனியாகத்தான் தூவ வேண்டும், அதற்கு இரண்டு ஆள் வேண்டும், செங்காணியோடு இன்னொரு ஆளாகச் சடையப்பர் போகட்டும்.

மறுநாள் சடையப்பர் சாம்பல் கூடையோடு உம்மென்று செங்காணியின் பக்கத்தில் நடந்தார். வெயில் ஏறியது. பாதி வயலில் காற்று திரும்பி, வீசிய சாம்பல் அவர் முகத்திலேயே அடித்தது.

"ஏன்டா, இங்க காத்து எப்பவும் இப்படித்தானா?"

செங்காணி நின்றுவிட்டான். நன்றாகத்தான் காதில் விழுந்தது. இன்னொரு தடவை கேட்க வேண்டும்போல இருந்தது.

"என்னங்கய்யா கேட்டீங்க?" என்றான்.