எதிர்ப்பக்கம் மடித்த இலை

முன்னொரு காலத்திலே செங்கால் நாட்டைக் கோடைமாறன் என்றொரு ராஜா ஆண்டான். நல்லவன்தான், ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. தன் முத்திரை குத்திய எதையாவது எவனாவது குறை சொன்னால் நாக்கை அறுத்துவிட வேண்டும் என்று ஒருநாள் குளிக்கும்போது அவனுக்குத் தோன்றியது. தலை துவட்டுவதற்குள் அது சட்டமாகிவிட்டது.

கோட்டைச் சுவர் கட்ட வந்த முந்நூற்றேழு பேருக்கும் வடக்கு வாசல் சோற்றுக்கடையில்தான் சாப்பாடு, ராஜ கட்டளை. சோற்றுக்கடைகளைச் சோதிக்கும் அதிகாரி மாணிக்கநம்பி. கடைக்காரன் அவனுடைய மைத்துனன். சோதனைக்கு முதல் நாளே நம்பி தமுக்கடித்துச் சொல்லிவிடுவான். மறுநாள் அடுப்பில் பளபளவென்று ஒரு புது அண்டா இருக்கும். எட்டிப் பார்த்து, வாசலில் ராஜ முத்திரை குத்தி, வெற்றிலை மென்றுகொண்டு போய்விடுவான்.

ஒரே மாதத்தில் ஏழு பேர் செத்தார்கள். சாப்பிட்டு எழுந்தவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழுவான்; பொழுது சாய்வதற்குள் உயிர் போய்விடும். யாரும் வாய்விட்டு அழவில்லை; அழுதாலே குறை சொன்னதாகிவிடுமே. ஏழு பாடையும் பறைச்சத்தம் இல்லாமலே போயின. எனக்கு அதுதான் பயங்கரமாகப் படுகிறது.

கடை வாசலில் கூழ் விற்ற வெள்ளையம்மாளை நம்பி சபைக்கு இழுத்து வந்தான். "மகாராஜா, விஷம் இவள் கூழில்தான்!"

"நாளை உச்சிப்பொழுதில் யானைக்காலில் இடுங்கள்" என்றான் ராஜா, யோசிக்காமலே.

மந்திரி திருமேனியார் எழுந்தார். "கடையில் சாப்பிடுகிறவர்களை ஒரு வார்த்தை கேட்கலாமே, மகாராஜா?"

"மந்திரியாருக்குக் கூழ்க்காரி மேல் என்ன கரிசனம்!" என்று இளித்தான் நம்பி. திருமேனியாரின் பதவிமேல் அவனுக்கு வெகுநாளாக ஒரு கண்.

ராஜாவுக்கு இது வேடிக்கையாக இருந்தது. "நானே கேட்கிறேன். மீதி முந்நூறு பேரில் ஒருவன் குறை சொன்னாலும் அவள் பிழைத்தாள். இல்லையென்றால் உமது பதவி நம்பிக்கு."

மறுநாள் உச்சிப்பொழுது. கடை வாசலில் யானை. அதன் காலடியில் வெள்ளையம்மாள். "சாமி, நான் கேப்பைக் கூழுதான் காச்சுனேன்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

உள்ளே பந்தி நடந்தது. ராஜா கேட்டான். "சாப்பாடு எப்படி?"

"அமிர்தம், மகாராஜா." முந்நூறு குரலும் ஒன்றாக வந்தன. ஒரு முகமும் நிமிரவில்லை.

நம்பி மீசையை முறுக்கினான். "போதுமா, மந்திரியாரே?"

"கொஞ்சம் பொறு. இலை எடுக்கட்டும்."

முதல் ஆள் இலையை மடித்தான். தன் பக்கமாக அல்ல, எதிர்ப்பக்கமாக. அடுத்தவனும் அப்படியே. வரிசை வரிசையாகச் சரசரவென்று அந்தச் சத்தம் மட்டும் கூடம் முழுக்க நகர்ந்தது. சாவு வீட்டில்தான் இலையை அப்படி மடிப்பார்கள். ராஜா அப்படி மடித்தது ஒரே ஒரு தடவை, அவன் தகப்பன் போன அன்றைக்கு. அவன் மந்திரியிடம் திரும்பினான்.

"யார் சாவுக்குச் சாப்பிடுகிறார்கள் இவர்கள்?"

"அவரவர் சாவுக்கு" என்றார் திருமேனியார். "நேற்று முக்காடு போட்டுக்கொண்டு இதே பந்தியில் நானும் உட்கார்ந்திருந்தேன்; அப்போதும் இப்படித்தான் மடித்தார்கள். நீங்கள் வாய்க்குத்தானே சட்டம் போட்டீர்கள், மகாராஜா? கைக்குப் போடவில்லையே."

ராஜா நேரே அடுக்களைக்குள் போனான். புது அண்டாவுக்குப் பின்னால், கோணிக்கு அடியில், ஆறு பித்தளை அண்டாக்கள். ஈயம் பூசி எத்தனை வருஷமோ! உள்ளே புளிக்குழம்பு, விளிம்பெல்லாம் பச்சைக் களிம்பு, புளி பட்டுப் பித்தளை கக்கிய விஷம்.

"நம்பிக்கு இலை போடுங்கள்."

"இப்போதுதான் சாப்பிட்டேன், மகாராஜா" என்றான் நம்பி. பிறகு சட்டென்று காலில் விழுந்தான். அவனையும் மைத்துனனையும் விலங்கிட்டுக் கொண்டுபோனார்கள். நாக்கு அறுக்கும் சட்டமும் அங்கேயே ஒழிந்தது.

மறுநாள் புதிதாக ஈயம் பூசிய அண்டாவில் வெள்ளையம்மாள் சமைத்தாள். முந்நூறு இலையும் அவரவர் பக்கமாக மடிந்தன. பந்திக் கடைசியில் இன்னும் ஏழு இலைகள் பரிமாறியபடியே கிடந்தன.

"அங்கே யாரும் உட்காரவில்லையே?" என்றான் ராஜா.

"அவங்களும் இங்க சாப்பிட்டவங்கதானே, சாமி" என்றாள் அவள்.

ராஜா போய் ஒவ்வோர் இலையின் முன்னும் உட்கார்ந்தான். ஏழையும் எதிர்ப்பக்கமாகத் தன் கையாலேயே மடித்தான்.