எட்டாவது படச்சட்டம்

முன்னொரு காலத்தில், வரைபடத்தின்மேல் ஒரு சொட்டு மை விழுந்தாலே மறைந்துபோகும் அளவுக்குச் சிறிய நாடு ஒன்று ஜெர்மானிய மண்ணில் இருந்தது. நாடுதான் சிறியது; அதை ஆண்ட குலம் சிறியதன்று. ஏழு தலைமுறைக்குப் பின் எட்டாவதாக எகோன் என்பவர் ஆண்டுவந்தார்.

ஒரு குளிர்காலத்தில் அரண்மனைக் கூடம் தீப்பற்றியது. முன்னோர் எழுவரின் ஓவியங்களும் எகோனின் ஓவியமும் கருகிப்போயின. எட்டு இரும்புப் படச்சட்டங்களே சுவரில் எஞ்சின. அந்த வேளை பார்த்துப் பேரரசரின் தூதர் ஏழாம் நாள் வருவதாகக் கடிதம் வந்தது. எட்டுத் தலைமுறை ஆட்சியைக் காட்ட முடியாத குலத்தின் நாடு பக்கத்துப் பெரிய கோமகனுக்குப் போய்விடும் என்பது பேரரசின் விதி.

எகோனுக்கு உறக்கம் போயிற்று. ஏழே நாளில் எட்டு அரசர்களும் சுவரில் இருக்க வேண்டும், ஆனால் ஒரு முகம்கூடக் கற்பனையாக இருக்கக் கூடாது என்று ஆணையிட்டார். அது முறைதான். பொய் முகத்தை மாட்டிக் காப்பாற்றும் மானம் மானமாகாது.

அமைச்சர் தித்மாருக்கு அரசவை விகடகவி லாம்பர்ட்டைக் கண்டாலே ஆகாது. "அரசே, இது ஓவியர்களால் ஆகாது. நாவாலேயே கோட்டை கட்டும் லாம்பர்ட்டிடம் விடுங்கள்" என்றார். தவறினால் லாம்பர்ட்டை நாட்டைவிட்டுத் துரத்துவது என்றும் முடிவாயிற்று.

லாம்பர்ட் கேட்டது நான்கு கொத்தனார்களை மட்டும். தூதர் வரும்வரை கூடத்துக்குள் யாரும் வரக் கூடாது என்றார். ஆறு நாளும் உள்ளே சம்மட்டிச் சத்தம். "சுவரை இடிக்கிறான், அரசே. மிச்சமிருந்த மானமும் தூசியாகிறது" என்று தித்மார் வேளைக்கு ஒருமுறை வந்து சொன்னார். எகோன் சாப்பாட்டைத் தொடவில்லை.

ஏழாம் நாள் தூதர் வந்தார். கதவு திறந்தது. எட்டுச் சட்டங்களுக்குள்ளும் சுவரே இல்லை. குளிர்காற்று உள்ளே வீசியது.

லாம்பர்ட் முதல் சட்டத்தைக் காட்டினார். அதன் வழியே, முதல் அரசர் கட்டிய ஆற்றுப் பாலம் தெரிந்தது. இரண்டாவதில் அவர் மகன் எழுப்பிய மாவு ஆலை. மூன்றாவதில் பேரனின் மணிக்கூண்டு. இப்படியே ஏழு. ஒரே சுவரிலிருந்து முழுதும் தெரியும் அளவுக்குத்தானே நாடு இருந்தது! தூதர் தம் ஏட்டிலிருந்த பெயர்களோடு ஒவ்வொன்றாக ஒத்துப்பார்த்துத் தலையசைத்தார்.

"எட்டாவதில் வெறும் சேற்று நிலம் அல்லவா தெரிகிறது? நம் அரசரின் முகம் அதுதானோ?" என்றார் தித்மார்.

லாம்பர்ட் வணங்கினார்.

"ஆணைப்படி பொய் எதையும் மாட்டவில்லை, அரசே. அந்த ஏழும் முடிந்த படங்கள். இதை வரைபவர் இன்னும் உயிரோடு இருக்கிறார்."

தீயில் கருகாத சான்று இது என்று சொல்லித் தூதர் முத்திரையிட்டார். எகோன் அந்தச் சேற்றையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, ஏழு நாளாக அடைத்திருந்த மூச்செல்லாம் வெளியேற, விழுந்து விழுந்து சிரித்தார்.

அந்தச் சேற்றில் முதலில் உலரும் வயலை லாம்பர்ட்டுக்குப் பரிசாக எழுதிவைத்தார். அதை உலர்த்தும் வேலையைத் தித்மாரிடம் ஒப்படைத்தார்.