கழித்த சங்கு வேண்டாத நண்டு

கடல் உள்வாங்கியிருந்த ஒரு காலையில், தட்டைப் பாறையின் மேல் சங்கு நண்டுகள் வரிசையில் நின்றுகொண்டிருந்தன.

சங்கு நண்டுக்கு முன்பாதி ஓடு, பின்பாதி வெறும் சதை. அந்தச் சதையை மறைக்கக் காலிச் சங்கு ஒன்றைத் தேடிப் புகுந்துகொள்ளும். உடல் வளர்ந்தால் அதைவிடப் பெரிய சங்கு வேண்டும். அன்று அலை ஒரு பெரிய வெள்ளைச் சங்கைப் பாறைமேல் போட்டுவிட்டுப் போயிருந்தது. வரிசை அதற்காகத்தான். பெரியது முன்னால், அதைவிடச் சிறியது பின்னால் என்று அளவுப்படி நிற்க வேண்டும். முதல் நண்டு வெள்ளைச் சங்குக்குள் போனதும், அது விட்ட சங்கு இரண்டாவதுக்கு. இரண்டாவது விட்டது மூன்றாவதுக்கு. கண்ணை மூடித் திறப்பதற்குள் எல்லாருக்கும் வீடு மாறிவிடும். கடைசி நண்டு விட்ட சங்கு மட்டும் யாருக்கும் உதவாமல் கிடக்கும்.

மூன்றாம் இடம் வலக்கொடுக்கனுடையது. அவனுடைய சங்கு ஒரு மாதமாகவே இறுக்கம். உள்ளே இழுத்துக்கொண்டாலும் கொடுக்கும் இரண்டு கால்களும் வெளியே தொங்கும். எதிர்ப் பாறையில் உட்கார்ந்திருந்த காகம் அதைத் தினமும் பார்த்து வைத்திருந்தது. இன்று வீடு மாறாவிட்டால் தன் கதை முடிந்தது என்று அவனுக்கும் தெரியும்.

ஆனாலும் முன்னால் நின்ற மொக்கையனின் சங்கைப் பார்க்கப் பார்க்க அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

"இதுக்குள்ளேயா நான் போகணும்? மொக்கையன் வாடை ஏழு அலை அடிச்சாலும் போகாது."

"அண்ணாச்சி போட்டிருக்கிறது மட்டும் உங்களுக்குன்னு அளவெடுத்துத் தைச்சதாக்கும்?" என்றாள் பின்னால் நின்ற புள்ளிக்காலி. "அதுலயும் ஒரு நத்தை செத்திருக்கும்."

மொக்கையன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பிடிக்கலைன்னா விலகி நில்லு. காத்தாவது வரும்."

முதல் இடத்துக்குரிய தடியன் தூரத்துப் பாறையிலிருந்து இன்னும் வந்து சேரவில்லை. அவன் வரும்வரை எல்லாரும் காத்திருக்க வேண்டும். வலக்கொடுக்கனுக்குக் காத்திருப்பது கௌரவக் குறைச்சலாகப் பட்டது. "நான் பாறைகளைப் பார்த்துவிட்டு வருகிறேன்" என்று கிளம்பினான்.

நல்ல வெயில். பாறைக் குழிகளில் தண்ணீர் கண்ணாடி போலத் தெளிந்து கிடந்தது. பச்சைப் பாசி அசைந்தது. வலக்கொடுக்கன் ஒவ்வொரு குழியின் ஓரத்திலும் நின்று, ரசிப்பது போலக் குறை கண்டுபிடித்தான்.

ஒரு குழியில் நட்சத்திர மீன் படுத்திருந்தது. "ஐந்து கை இருந்து என்ன, முகம் என்று ஒன்று இல்லையே" என்றான்.

அடுத்த குழியில், பாறையோடு ஒட்டிய சின்னச் சின்னக் கூடுகளுக்குள் கொட்டலசுகள் குடியிருந்தன. "பிறந்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டு கிடக்கிறீர்களே, வெட்கமாக இல்லை?"

"வீடு எங்களோடது" என்றது ஒரு கொட்டலசு. "உன்னுது யாருது? தள்ளி நில்லு, வெளிச்சத்தை மறைக்காதே."

அந்தப் பதில் அவனுக்குச் சுருக்கென்று தைத்தது. அப்போதுதான் பாறை இடுக்கில் அது பளபளத்தது. கடலை வேடிக்கை பார்க்க வந்த மனிதர்கள் யாரோ போட்டுவிட்டுப் போன மருந்துக் குப்பி. கண்ணாடி. இதுவரை எந்த நண்டும் குடியிருக்காதது. எந்த நத்தையும் சாகாதது.

வலக்கொடுக்கன் சங்கிலிருந்து வழுக்கி வெளியே வந்து குப்பிக்குள் புகுந்தான். கொடுக்கு, கால், எல்லாம் உள்ளே அடங்கின. இன்னொருவனுக்கும் இடம் இருக்கும் போலிருந்தது. பழைய சங்கைப் பார்த்தான். தான் கழித்ததை எவனாவது மாட்டிக்கொண்டு திரிவானே என்று தோன்றியது. ஒரு தள்ளு. சங்கு பாறையில் உருண்டு ஆழத்துக்குள் போயிற்று.

அவன் வரிசைக்குத் திரும்பியபோது எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள். அவன் அதை வியப்பு என்று எடுத்துக்கொண்டான்.

சங்கு நண்டின் பின்பக்கத்தை இன்னொரு நண்டு நின்று நிதானமாகப் பார்த்ததில்லை. இப்போது மொத்த வரிசையும் பார்த்தது. வெளுத்து, சுருண்டு, குப்பியின் அடியில் படிந்திருந்தது.

"அண்ணாச்சி, எல்லாம் தெரியுது" என்றாள் புள்ளிக்காலி. "தடியன் வந்துட்டான். உங்க இடம் இன்னும் காலியாத்தான் இருக்கு. பேசாம வந்து நில்லுங்க."

"எச்சில் வீட்டுக்கு அலைகிறவளுக்கு என் வீடு பொறுக்கவில்லை."

"இவனுக்காகக் கடல் காத்திருக்காது" என்றான் மொக்கையன்.

தடியன் வெள்ளைச் சங்குக்குள் போனான். மொக்கையன் தடியனின் சங்குக்குப் போனான். மொக்கையனின் சங்கு ஒரு மூச்சு நேரம் காலியாகக் கிடந்தது. புள்ளிக்காலி வலக்கொடுக்கனைப் பார்த்தாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் உள்ளே போனாள். டக், டக், டக் என்று கடைசி வரை மாறி முடிந்தது.

அப்போது காகம் இறங்கியது.

எல்லாரும் சங்குக்குள் ஒடுங்கினார்கள். வலக்கொடுக்கனும் ஒடுங்கினான். குப்பிக்குள்ளிருந்து காகத்தின் மூக்கு அவனுக்குத் தெளிவாகத் தெரிந்தது. 'பாவம், இது என்னைத் தேடுகிறது' என்று நினைத்தான்.

காகம் தலையைச் சாய்த்துப் பார்த்தது. "சாப்பாட்டை இப்படித் திறந்து காட்டி இதுவரை எவனும் வச்சதில்லை" என்றது. குப்பியின் கழுத்தைக் கவ்விக்கொண்டு எழும்பியது. தென்னை உயரம் போனதும் பாறைமேல் விட்டது.

குப்பி தூள்தூளானது. இறங்கிய காகத்தின் காலில் ஒரு சில்லு ஏறியது. கத்திக்கொண்டே தத்தித் தத்தித் தண்ணீரோரம் போயிற்று. அந்த நேரத்துக்குள் வலக்கொடுக்கன், ஒரு கால் போக மற்ற கால்களோடு, வெற்று உடம்பாய் வரிசையை நோக்கி ஓடினான்.

"என் இடம்... நான் மூன்றாவது..."

"வரிசை முடிஞ்சு போச்சு அண்ணாச்சி" என்றாள் புள்ளிக்காலி, சங்கின் வாயிலிருந்து. "உங்க பழையது எங்கே?"

அவன் ஆழத்தை எட்டிப் பார்த்தான்.

பாறை ஓரத்தில் ஒரே ஒரு சங்குதான் கிடந்தது. வரிசையின் கடைசியில் நின்ற குஞ்சு நண்டு விட்டுப்போனது. புளியங்கொட்டை அளவு. வலக்கொடுக்கன் அதை எடுத்து, வாலின் நுனியை மட்டும் அதற்குள் திணித்தான். மிச்ச உடம்பு முழுவதும் வெயிலில் கிடந்தது.

"கொஞ்சம் காற்றோட்டமாக இருக்கிறது" என்றான்.

யாரும் சிரிக்கவில்லை. மறுபடி எதிர்ப் பாறையில் போய் உட்கார்ந்த காகம், காலை அலகால் நீவிக்கொண்டே அவனைப் பார்த்தது. அதற்கு அவசரம் இல்லை.

ஒருவர் கழித்தது வேண்டாம் என்று செருக்கித் திரிந்தவனுக்கு, கடைசியில் எல்லாரும் கழித்ததே மிஞ்சும்.