ஆசிரமத்துக் காருக்கு ஒரு டச் ஸ்கிரீன்

"அம்மா, ஒரு சந்தேகங்க."

"கேளுங்கண்ணா."

"ஒருத்தர்கிட்ட ஒரு விசயம் சொல்லியே ஆகோணும். ஆனா வாயைத் தொறந்தா வரமாட்டேங்குது. அதுக்கு என்னங்க வழி?"

சாந்தாமணி அம்மை வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். கத்தியை நிறுத்தவில்லை.

"நம்ம கார்ல பாட்டுக் கேட்டு எத்தனை நாளாச்சுங்கண்ணா?"

"அந்த ரேடியோ செத்துப்போயி ரொம்ப நாளாச்சுங்க."

"புதுசா ஒண்ணு மாட்டிக்கிட்டு வாங்க. டச் ஸ்கிரீன் வெச்சு வருதாமே, அது."

"சரிங்க. நான் கேட்டதுக்கு பதிலு?"

"அதுக்குத்தான் சொன்னேன்."

அம்மை அடுத்த வெண்டைக்காயை எடுத்துக்கொண்டார். இனி ஒன்றும் பெயராது என்று தெரிந்ததும் நாச்சிமுத்து கார் சாவியைத் தேடிப் போனார்.

கொல்லிமலை அடிவாரத்தில் இருந்த அந்த ஆசிரமத்துக்கு அம்மைதான் குரு. அதற்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்தியவர். நாச்சிமுத்து அவருடைய சீடர், ஆனால் வயதில் அவரைவிட ரொம்பவே மூத்தவர். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்று, மனைவி போன பிறகு இங்கே வந்து சேர்ந்தார். கார் ஓட்டுவார், மோட்டார் போடுவார், ஃபியூஸ் போனால் கட்டுவார்.

வந்த அன்றைக்கே எல்லார் முன்னாலும் எழுந்து நின்று, "என் கட்டை இங்கதான் வேகும்" என்று சொன்னார். யாரும் கேட்கவில்லை. அவராகத்தான் சொன்னார்.

அதோடு விட்டாரா என்றால், இல்லை. இடையில் சிலர் வீட்டு நினைப்பு வந்து ஊருக்குத் திரும்பினார்கள். அவர்களைப் பற்றிப் பந்தியில் உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசினார். "மனசு கெட்டிப்படாதவங்க எதுக்கு இங்க வரோணும்?" என்பார். பேசிவிட்டு இன்னொரு கரண்டி ரசம் கேட்பார்.

இப்போது அவர் மகள் பூங்கொடிக்குப் பையன் பிறந்திருந்தான். ராசிபுரத்தில் வீடு. மாப்பிள்ளை போர்வெல் போடும் ரிக் வண்டியோடு வடக்கே போனால் மாதக்கணக்கில் திரும்புவதில்லை. பூங்கொடி கைக்குழந்தையை வைத்துக்கொண்டு தனியாகக் கிடந்தாள். அப்பா வந்து கூடவே இருந்துவிட்டால் போதும் என்றாள்.

நாச்சிமுத்துவுக்கும் போக வேண்டும். பேரனைத் தூக்கக் கை துறுதுறுத்தது. ஆனால் அம்மையின் எதிரில் நின்று, "நான் வீட்டுக்குப் போகிறேன்" என்று சொல்ல நாக்கு எழவில்லை. பந்தியில் பேசிய பேச்செல்லாம் நினைவுக்கு வந்து வெட்கம் பிடுங்கித் தின்றது. அதைவிட, அம்மையின் முகம் லேசாக வாடினாலும் தன்னால் தாங்க முடியாது என்று நிஜமாகவே பயந்தார்.

பூங்கொடி தினமும் சாயங்காலம் டீ நேரத்தில் கூப்பிடுவாள். நாச்சிமுத்து ஃபோனை எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்று கிசுகிசுப்பார். விஷயம் ஒரு ஈ காக்கைக்கும் தெரியாது என்பது அவர் எண்ணம்.

கம்பத்தின் உச்சியிலிருந்து கீழே நிற்பவனிடம் பேசிப் பேசிப் பழகிய குரல் அது. அவர் கிசுகிசுத்தால் சமையற்கட்டு வரைக்கும் கேட்கும்.

நாமக்கல்லில் ஜாபரின் கடை. கார்களுக்கு ஸ்பீக்கர், ஸ்கிரீன் எல்லாம் மாட்டித் தருபவர். காருக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

"பழைய வண்டிங்கண்ணா. ரேடியோ இருந்த எடம் சின்னது. ஸ்கிரீன் உக்காரோணும்னா டேஷ்போர்டைக் கொஞ்சம் அறுக்கோணும்."

"அறுத்துட்டு, வேண்டாம்னா மறுபடி ஒட்டிக்கலாங்களா?"

"அதெப்படிங்க ஒட்டறது?"

நாச்சிமுத்துவுக்கு வியர்த்துவிட்டது. ஆசிரமத்துச் சொத்து ஆயிற்றே. ஓரமாகப் போய் அம்மைக்கு ஃபோன் போட்டார்.

"அம்மா, அறுக்கோணுமாங்க. அறுத்தா அறுத்ததுதானாங்க."

"அறுத்தா புதுசு நல்லா உக்காருமாங்களா?"

"உக்காருமாங்க."

"அப்பறம் என்னங்கண்ணா?"

"உங்க ஃபோனை அதுல சேர்த்தரட்டுங்களா?"

"என்னுது பட்டன் ஃபோனு. உங்களுதைச் சேருங்க."

ஜாபர் அறுத்தார், பொருத்தினார், ஒயர்களைச் சேர்த்தார், பின்னால் ஒரு கேமராவும் வைத்தார். பழைய காரின் நடுவில் புதுத் திரை பளிச்சென்று எரிந்தது. கல்யாணப் பெண்ணுக்கு வைத்த பொட்டு மாதிரி அந்தக் கிழட்டுக் காரே எடுப்பாகிவிட்டது.

"இனி பாட்டும் இதுலதான் வரும், யாராச்சும் கூப்பிட்டாலும் இதுலயேதான் பேச்சு வரும். சரிங்களாண்ணா?" என்றார் ஜாபர்.

நாச்சிமுத்து தலையாட்டினார். ஆனால் காதில் வாங்கவில்லை. ரிவர்ஸ் கியர் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். கடை வாசலில் ஒரு நாய் எழுந்து சோம்பல் முறிப்பது திரையில் அப்படியே தெரிந்தது. அதையே வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆசிரமம் திரும்பியதும் அம்மை காரைச் சுற்றி வந்தார்.

"ஃபோனைச் சேர்த்தாச்சுங்களாண்ணா?"

"சேர்த்தாச்சுங்க."

"சத்தம் எப்படி?"

"நாலு ஸ்பீக்கர்லயும் கணீர்னு வருதுங்க."

"நல்லது. நாளைக்கு நாமக்கல்ல ஒரு புதுமனை புகுவிழா. போய்ட்டு வந்தரலாம்."

"காலையிலங்களா?"

"காலையில கூட்டமா இருக்கும். சாயங்காலம் டீ நேரத்துக்குக் கெளம்பலாம்."

டீ நேரம் என்றதும் நாச்சிமுத்துவுக்குப் பூங்கொடி கூப்பிடுவது ஞாபகம் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தார். ஃபோனைச் சைலண்டில் போட்டுப் பையில் வைத்துக்கொண்டால் தீர்ந்தது. தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினார்.

மறுநாள் சாயங்காலம் அம்மை வழக்கம்போலப் பின்கதவைத் திறக்கவில்லை.

"இன்னைக்கு முன்னாடி உக்காந்துக்கறனுங்கண்ணா. இந்த ஸ்கிரீனு எப்படின்னு பாக்கோணும்."

நாச்சிமுத்து பாட்டுப் போட்டார். நாதஸ்வரம் காரை நிறைத்தது. அம்மை தொடையில் தாளம் போட்டுக்கொண்டு வந்தார். வழி நெடுக மரவள்ளிக்காடு, காற்று நன்றாக இருந்தது. இந்த அம்மாவை விட்டுவிட்டு எப்படிப் போவேன் என்று நினைத்தார். அவர் கண் கலங்கியது.

ரயில்வே கேட் மூடியிருந்தது. காரை நிறுத்தினார்.

நாதஸ்வரம் பாதியில் நின்றது. திரை முழுக்க ஒரு பெயர் வந்து நின்றது.

பூங்கொடி.

பையில் ஃபோன் சமர்த்தாக வாயை மூடிக்கொண்டுதான் இருந்தது. நாலு ஸ்பீக்கரும் சேர்ந்து அலறின. திரையில் ஒரு பச்சை வட்டம், ஒரு சிவப்பு வட்டம். எதைத் தொடுவது என்று தெரியாமல் நாச்சிமுத்து ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

அம்மை கையை நீட்டிப் பச்சையைத் தொட்டார்.

"ஏனுங்கப்பா, அந்தம்மாகிட்டச் சொல்லீட்டீங்களா இல்லீங்களா?"

நாச்சிமுத்து பாய்ந்து திரையின் மேல் கை வைத்தார். சத்தம் இன்னும் கூடியது. பக்கத்தில் மொபெட்டில் நின்றவர் காருக்குள் எட்டிப் பார்த்தார்.

"இன்னைக்கும் சொல்லலீங்களா? தெனமும் நாளைக்கு நாளைக்குன்னே சொல்றீங்க. அவங்க என்ன உங்களைக் கடிச்சா தின்னுருவாங்க? கரண்டுக் கம்பத்துல ஏறுனவருக்கு இதுக்கு என்னங்கப்பா பயம்?"

மொபெட்டுக்காரர் இஞ்சினை அணைத்துவிட்டார், நன்றாகக் கேட்கட்டும் என்று.

அம்மை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். ரயில் இன்னும் வரவில்லை.

"கேக்குதுங்களாப்பா?"

மறுமுனையில் குழந்தை சிணுங்கும் சத்தம் வந்தது. பூங்கொடி அதைத் தட்டிக் கொடுப்பதும் கேட்டது. மறுபடி பேசியபோது அவள் குரல் இறங்கியிருந்தது.

"சரி, விடுங்கப்பா. உங்களுக்குச் சங்கடமா இருந்தா வேண்டாம். இனிமேக் கேக்க மாட்டேன். நான் எப்படியோ பாத்துக்கறேன். நீங்க நல்லா இருங்க, அது போதும்."

நாச்சிமுத்துவுக்கு அதைத் தாங்க முடியவில்லை. வெட்கமாவது ஒன்றாவது என்று ஆகிவிட்டது. அம்மையின் பக்கம் திரும்பினார்.

"அம்மா, நான் எம்பொண்ணு வீட்டுக்குப் போகோணுங்க. அங்கயே இருந்துக்கறனுங்க."

அம்மை அவரைப் பார்த்தார். அந்த முகம் வாடுமா என்று இத்தனை நாள் பயந்தவர், இப்போது பயப்படவும் மறந்து பார்த்துக்கொண்டிருந்தார். வாடவில்லை.

"அப்பா? யார்கிட்டப் பேசறீங்க?"

நாச்சிமுத்து அழுதுகொண்டே சிரித்தார். அம்மைதான் திரையை நோக்கிக் குனிந்தார்.

"அந்தம்மாகிட்டத்தான் கண்ணு. இப்பத்தான் சொன்னாரு."

பூங்கொடியின் குரல் மெல்ல வந்தது.

"நீங்க... நீங்க என்னங்கம்மா சொன்னீங்க?"

ரயில் தடதடவென்று கடந்து போனது. அது போய் முடியும்வரை மூவரும் காத்திருந்தார்கள். மொபெட்டுக்காரரும்தான்.

கேட் மேலே ஏறியது. பின்னால் நின்ற லாரி ஹாரன் அடித்தது.

"வண்டியைத் திருப்புங்கண்ணா, ராசிபுரத்துக்கு" என்றார் அம்மை. பிறகு திரையைப் பார்த்துச் சொன்னார்:

"கொழந்தையைத் தூங்க வெச்சராத கண்ணு. வந்துக்கிட்டே இருக்கறோம்."