நூற்றிருபதாவது அடியில் ஒரு சுனை

மலையடிவார மடத்தில் பாடம் கேட்டுவந்த தாண்டவன், பத்தொன்பது வயதுக்குள் ஆறு தேசங்களைச் சுற்றி முடித்திருந்தான். கால் மட்டும் மடத்து வாசலைத் தாண்டவில்லை.

மடத்தில் தங்கிப்போகும் வழிப்போக்கர்களிடம் கேட்டுக் கேட்டு ஓலையில் எழுதிவந்தான். எந்தத் துறையில் ஓடம் கிடைக்கும், எந்த ஊரில் நாய் கடிக்கும், எந்தச் சத்திரத்தில் மோர் புளிக்கும், எல்லாம் அதில் உண்டு. சொன்னவர்கள் விட்ட இடங்களை அவனே நிரப்பினான். ஏட்டில் ஒரு வறண்ட காடு வந்தால் அடுத்த ஓலையில் தண்ணீர் வந்தாக வேண்டும் என்பது அவன் படித்த காப்பியங்களின் விதி.

மாதம் ஒருமுறை குருவிடம் போய் நிற்பான்.

"ஐயா, எனக்கு எப்போது விடை தருவீர்கள்?"

"எங்கே போக?" என்பார் அம்பலச்சாமி.

"எங்கேயாவது. புதிதாக எதையாவது பார்க்க வேண்டும்."

"இரு. பார்க்கலாம்."

இந்தப் 'பார்க்கலாம்' மூன்று வருடமாக நடந்துவந்தது.

சித்திரை மாதம் ஒரு மாலையில் செங்கமலம் என்ற பெண் இடுப்பில் கைக்குழந்தையும் தலையில் மண்பானையுமாக மடத்துக்கு வந்தாள். மலைக்கு அந்தப் பக்கம் சுண்ணாம்புக் காளவாயில் அவள் புருஷனுக்கு வேலை. அவனிடம் போகிறாள்.

"கணவாய் வழி எப்படி சாமி? தண்ணி கிடைக்குமா?" என்று தாண்டவனைக் கேட்டாள்.

அவனை யாரும் இதுவரை வழி கேட்டதில்லை. ஏட்டை எடுத்து வந்தான்.

"விடிந்ததும் கிளம்பினால் உச்சிப் பொழுதுக்குள் கொக்குப்பாறை. அங்கிருந்து வலப்பக்கம் நூற்றிருபது அடி. ஒரு சுனை. கோடையிலும் வற்றாது. நெல்லிக்காய் தின்றுவிட்டுக் குடித்ததுபோல் இனிக்கும்."

"நூத்தி இருபது" என்று அவள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

அந்தச் சுனை பிறந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது.

மறுநாள் காலைப் பாடம் முடிந்து தாண்டவன் அடுக்களைப் பக்கம் போனான். அவளுடைய பானை சுவரோரம் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

"அந்த அம்மா இன்னும் கிளம்பவில்லையா?"

"விடியும்போதே போயாச்சு" என்றார் சமையல்காரர் வெள்ளியப்பர்.

"பானை?"

"வழியில சுனை இருக்காமே. பிள்ளையையும் தூக்கிக்கிட்டு இதை வேற எதுக்குச் சுமக்கணும், திரும்பி வரும்போது எடுத்துக்கிறேன்னு வெச்சுட்டுப் போனா. சின்னக் கலயம் ஒண்ணுதான் கையில. நீதானே சொன்னியாம்?"

தாண்டவன் முற்றத்தைப் பார்த்தான். வெயில் பாதி முற்றத்தைத் தாண்டியிருந்தது.

அம்பலச்சாமி கிணற்றடியில் வேட்டி அலசிக்கொண்டிருந்தார். அவன் ஓடிவந்து நின்றான்.

"சொல்லு."

"கொக்குப்பாறையில் சுனை இல்லை ஐயா."

"யார் இருக்கிறது என்றது?"

"நான்."

அவர் வேட்டியைக் கல்லில் போட்டுவிட்டு வாளியைக் கிணற்றில் இறக்கினார். மிச்சத்தை அவன் சொல்லி முடிப்பதற்குள் ஒரு செப்புக்குடம் நிறைந்துவிட்டது. வாயை ஈரத்துணியால் இறுக்கிக் கட்டி அவன் தோளில் ஏற்றினார்.

"எனக்கு வழி தெரியாதே, ஐயா."

"எழுதியிருக்கிறாயே."

"அது கேட்டு எழுதியது."

"பாறைவரைக்கும் கேட்டது. பாறை இருக்கும். போ."

அவன் ஓடினான். நல்ல நாள், நல்ல துணை, தைலம், ஊன்றுகோல் என்று மூன்று வருடமாக யோசித்துவைத்த எதுவும் உடன் வரவில்லை. கல்லில் கால் இடறும்போதெல்லாம் குடத்துக்குள் தண்ணீர் அலம்பியது. துணி வழியாகக் கசிந்து முதுகில் இறங்கிய ஒவ்வொரு சொட்டையும் குழந்தையின் வாயிலிருந்து வழிவதாக நினைத்தான். பாறை தெரிகிறதா, பாறை தெரிகிறதா என்பதைத் தவிர மனதில் ஒன்றும் இல்லை.

ஓரிடத்தில் காட்டெருமைக் கூட்டம் ஒன்று வழியைக் கடந்தது. வாழ்நாளில் அவன் பார்த்த முதல் காட்டெருமைகள். ஏட்டில் அவற்றுக்கென்று இரண்டு ஓலை ஒதுக்கி வைத்திருந்தான். எப்போது போய்த் தொலையும் என்று நின்றான்.

உச்சி சாய்ந்த பிறகு பாறை தெரிந்தது. கொக்கு மாதிரி இல்லை. அதைப் பற்றி அவன் யோசிக்கவில்லை.

பாறைக்கு வலப்பக்கம் செங்கமலம் தலையைக் குனிந்து நடந்துகொண்டிருந்தாள். உதடு அசைந்தது. குழந்தை அவள் தோளில் சத்தமில்லாமல் கிடந்தது.

அவனைப் பார்த்ததும் நின்றாள்.

"நாலு தரம் எண்ணிட்டேன் சாமி. நூத்தி இருபதுன்னுதானே சொன்னீங்க? எனக்கு ஒழுங்கா எண்ணத் தெரியல போல. பாறையோட இந்த முனையிலருந்தா, அந்த முனையிலருந்தா?"

அவன் குடத்தை இறக்கித் துணியை அவிழ்த்தான். அவள் முந்தானை நுனியை நனைத்துக் குழந்தையின் வாயில் பிழிந்தாள். முதல் பிழிவு கடைவாயில் வழிந்தது. இரண்டாவதும் வழிந்தது. மூன்றாவதற்குத் தொண்டை அசைந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் குழந்தை அழுதது.

அப்போதுதான் தாண்டவன் உட்கார்ந்தான்.

"சுனை இல்லை, அம்மா."

"வத்திப் போச்சா?"

"இருந்ததே இல்லை. நான் இந்தப் பக்கம் வந்ததும் இல்லை."

அவள் குடத்துத் தண்ணீரைக் கலயத்தில் ஊற்றி நிதானமாகக் குடித்தாள். புறங்கையால் வாயைத் துடைத்தாள்.

"அப்புறம் எதுக்கு சாமி சொன்னீங்க?"

அவன் குடத்தின் வாயில் துணியை மறுபடி கட்டினான். அவள் குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

"சரி, குடத்தைத் தூக்குங்க. பொழுது சாயறதுக்குள்ள இறங்கணும்."

அவளைக் காளவாய்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு மூன்றாம் நாள் மாலை அவன் மடத்துக்குத் திரும்பினான். வாசலிலேயே உடன் படிக்கும் மாசிலாமணி பிடித்துக்கொண்டான்.

"வாரும் யாத்ரீகரே. மலையைத் தாண்டிவிட்டீராமே. என்ன பார்த்தீர்?"

"குழந்தையின் உதட்டைப் பார்த்துக்கொண்டே போனேன்."

"அது சரி, மலையில்?"

"தெரியவில்லை."

தாண்டவன் நேரே அடுக்களைக்குப் போய் ஏட்டுக்கட்டை அடுப்பில் வைத்தான். ஆறு தேசங்களும் எரிய அரை நாழிகைகூட ஆகவில்லை. ஓலை காய்ந்திருந்தது என்றார் வெள்ளியப்பர். பிறகு அவன் குருவிடம் போய்ச் செப்புக்குடத்தை மூலையில் வைத்தான்.

"எரித்துவிட்டேன் ஐயா."

"பிரதி?"

வாசல் பக்கம் நின்றிருந்த மாசிலாமணிதான் மெல்லச் சொன்னான்.

"போன வாரம் கணவாய் ஓலையை மட்டும் மூன்று பிரதி எடுத்தேன், ஐயா. நன்றாக இருக்கிறதே என்று. ஒன்று வளையல்காரரிடம் போயிற்று. ஒன்று மாட்டு வியாபாரிகளிடம். ஒன்று ஆற்றங்கரைச் சத்திரத்துக்கு."

"சத்திரத்தில் அதை என்ன செய்வார்கள்?"

"வருகிறவர்களுக்குப் படித்துக் காட்டுவார்கள்."

தாண்டவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"மூன்றையும் தேடிப் போய் வாங்கி வருகிறேன், ஐயா."

"ஓலையை வாங்கலாம். கேட்டவர்கள் காதிலிருந்து எப்படி வாங்குவாய்?"

அடுக்களையில் பாத்திரம் உருண்டது. அதற்கே தாண்டவன் திடுக்கிட்டான்.

"கோடை முடிய இன்னும் நாற்பது நாள் இருக்கிறது. ஓலையைக் கேட்டவர்கள் இந்த வழியாகத்தான் வருவார்கள். வந்து சுனையைப் பற்றிக் கேட்டால் நான் என்ன சொல்லட்டும்?"

"இருக்கிறது என்று சொல்."

"ஐயா, அங்கே பாறைதான் இருக்கிறது. நான் பார்த்துவிட்டு வந்தேன்."

அம்பலச்சாமி மூலையிலிருந்த செப்புக்குடத்தை எடுத்தார். அடியில் புதிதாக நெளிந்திருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு அவன் பக்கம் நகர்த்தினார்.

"அவர்கள் விடிந்ததும் கிளம்புவார்கள். நீ எப்போது கிளம்பினால் அவர்களுக்கு முன்னால் போய்ச் சேரலாம்?"