ஒரு வேளை

“எனக்கு வராது சாமி. வேற யாரையாவது எழுதச் சொல்லுங்க.”

மருதப்பன் இதைக் கத்தித்தான் சொன்னான். குருவுக்கு இடது காது போய் வெகுகாலம். வலது காதும் நாளுக்கு நாள் தூர்ந்துகொண்டே வந்தது.

அது முழுசாய் அடைபடுவதற்குள் அவர் கேட்க ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுதான். தாம் பாடிய பாடல்களுக்கு மருதப்பன் எழுதும் உரை. அதை அவன் வாயாலேயே கேட்க வேண்டும்.

ஓலையோ இன்னும் வெறும் ஓலையாகக் கிடந்தது. மருதப்பனுக்குத் தலை நரைத்ததுதான் மிச்சம்.

“ஏன் வரலை?”

“நம்ம மடத்துச் செங்கோட்டு அண்ணன் மாதிரி கோழி கூவுமுன்னே எழுந்து உட்கார்ந்தேன். தூக்கம்தான் வந்துச்சு. வேதாரணியர் மாதிரி நாழிகை வட்டிலைத் தண்ணியில மிதக்கவிட்டு, அது நிரம்பி முழுகுற வரைக்கும் அசையாம இருந்தேன். வட்டில்தான் நிரம்புச்சு.”

குரு சிரித்தார். மருதப்பனுக்கு அழுகை முட்டியது.

“மௌனம் இருந்து பார்த்தேன். பட்டினி கிடந்து பார்த்தேன். மடத்துல எல்லாருக்கும் கூடி வருது. எனக்கு மட்டும்… ஒருவேளை, நான் இதுக்குப் பொறக்கலையோ என்னமோ.”

குரு வலது காதைக் கையால் குவித்துக்கொண்டார்.

“ஒரு வேளையா? எந்த வேளை?”

“அந்த வேளை இல்ல சாமி! ஒருவேளைன்னா…”

“அதான் கேக்குறேன். எந்த வேளை?”

மருதப்பன் தலை குனிந்தான்.

“உச்சிப்பொழுது,” என்று முனகினான். பிறகு கத்தினான். “மடமே உண்டு படுத்திருக்கும்போது, பின்கட்டுல அண்டா தேய்ப்பேனே, அப்ப வரும் சாமி! வரிவரியா வரும்!”

“வந்தா?”

“விரட்டிடுவேன். அது என்ன எழுதுற வேளையா? பாத்திரம் தேய்க்கிற வேளை.”

“ஓகோ. வந்தவங்களை வாசல்லயே விரட்டிட்டு, விடியக்காலையில விளக்கேத்தி வெச்சுக் காத்திருந்தியாக்கும்.”

மறுநாள் அண்டாவுக்குப் பக்கத்தில் ஓலையும் எழுத்தாணியும் உட்கார்ந்தன.

சாம்பல் கையோடு எழுதினான். புளி நாறும் விரலோடு எழுதினான். மடத்தார் விடுவார்களா?

“என்ன மருதப்பா, உரையில உறைப்பு சரியா இருக்கா?”

அவன் நிமிரவில்லை.

மழை ஓய்ந்து வெயில் திரும்பிய ஒரு மத்தியானம் உரை முடிந்தது. ஓலைக்கட்டைத் தூக்கிக்கொண்டு குருவிடம் ஓடினான்.

“சாமி!”

குரு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்.

“சாமி!”

வேம்பிலிருந்த காக்கைகள் பறந்தன. குரு திரும்பவில்லை.

முன்னால் போய்க் காலில் விழுந்தான். “எத்தனை மத்தியானத்தை விரட்டினேன் சாமி, எத்தனை மத்தியானத்தை!” என்று அலறினான். தலை நிமிர்ந்து பார்த்தால், அவர் அவன் உதடுகளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓலைக்கட்டு மேல் அப்பியிருந்த சாம்பலை ஒரு விரலால் தொட்டார். அதை நெற்றியில் இட்டுக்கொண்டார்.

பிறகு கையை நீட்டி, மருதப்பனின் தொண்டையில் உள்ளங்கையை வைத்து அழுத்தினார்.

“ம். வாசி.”