நடுவில் நீளும் கை

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் தெய்வானை அம்மாவின் வீட்டுக்குச் சிலர் வருவார்கள். திருமூர்த்தி மலை அடிவாரத்தில் தகரக் கூரை போட்ட சின்ன வீடு. அங்கே பாடம் என்று எதுவும் நடக்காது. எல்லோரும் பாயில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் கண்மூடி இருப்பார்கள். பிறகு, கேட்க ஏதாவது இருப்பவர்கள் கேட்பார்கள்.

அன்று சுலோச்சனா கேட்டாள்.

“ரெண்டு பேரு சண்டை போடறப்ப நடுவுல போறது தப்புங்களாம்மா?”

“யாரு சண்டை போடறாங்க?”

“முயலுங்கம்மா.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை.

“சொல்லுங்கக்கா.”

சுலோச்சனா அம்மாவைவிட வயதில் மூத்தவள். அம்மா அவளை அக்கா என்பார். அவள் அவரை அம்மா என்பாள். இருவருக்கும் அது பழகிப்போயிருந்தது.

சுலோச்சனா உடுமலையில் தபால் நிலையத்தில் வேலை பார்த்தாள். பிள்ளைகள் இல்லை. வீட்டில் அவளும் கணவர் நடராஜும் இரண்டு முயல்களும். வெள்ளை முயலின் பெயர் பஞ்சு. அதன் ஜோடி மிளகு, கறுப்பு. மார்கழியில் மிளகு செத்துப்போனது. அதற்குப் பிறகு பஞ்சு மூலையைப் பார்த்து உட்கார ஆரம்பித்தது. புல்லை மோந்து பார்த்துவிட்டு விட்டுவிடும்.

கால்நடை மருத்துவர் பார்த்தார். “முயல் வயிறு காலியாக் கிடக்கக் கூடாதுங்க. அப்படியே விட்டா இதுவும் போயிரும். துணை ஒண்ணு கொண்டாந்து பாருங்க” என்றார்.

பொள்ளாச்சியில் ஒரு வீட்டிலிருந்து பழுப்பு நிற ஆண் முயல் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். கருத்தடை செய்தது. சாதுவான முயல். வரகு என்று பெயர் வைத்தாள். வந்த அன்றே ஆசையாகப் பஞ்சுவின் அறையில் கொண்டுபோய் விட்டாள்.

பஞ்சு ஒரே பாய்ச்சல். வரகின் காது கிழிந்தது. பிரிக்கப் போன சுலோச்சனாவின் மணிக்கட்டிலும் பல் பதிந்தது.

“தப்புப் பண்ணிட்டீங்க” என்றார் மருத்துவர். “அது வீட்டுல வேற ஒருத்தரக் கொண்டுபோய் விட்டா சும்மா இருக்குமா? கூண்டு ரெண்டையும் பக்கம் பக்கமா வையுங்க. இது படுத்த சாக்க அதுக்குப் போடுங்க, அது படுத்தத இதுக்குப் போடுங்க. வாசனை பழகட்டும். அப்புறம் ரெண்டும் இதுவரை போகாத எடத்துல விடுங்க. துரத்தும், முடியப் பிடுங்கும். அது போகட்டும். ரெண்டும் கட்டிப் புரண்டா மட்டும் பிரிச்சுவிடுங்க.”

அவர் சொன்னபடியே செய்தாள். சாக்கை மாற்றினாள். கம்பி வலையின் இரு பக்கமும் வேலிமசால் தீவனத் தழை வைத்தாள். ஒரு மத்தியானம் இரண்டும் வலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முதுகைச் சாய்த்துப் படுத்திருந்ததைப் பார்த்துக் கணவரைக் கூப்பிட்டுக் காட்டினாள். பஞ்சு கொஞ்சம் சாப்பிடவும் செய்தது.

அப்புறம்தான் மாடி அறை; இரண்டும் அதுவரை போகாத இடம். இரண்டையும் அங்கே கொண்டுபோய்த் திறந்துவிட்டாள். பஞ்சு துரத்தியது. உடனே வரகைத் தூக்கிக்கொண்டாள். மறுநாளும் அதேதான். அதற்கடுத்தும் அதேதான். நாளாக ஆகப் பஞ்சுவின் கோபம் கூடியது. கூண்டுக்குள்ளேயே பின்னங்காலால் தரையை அறைந்தது. இப்போது மறுபடியும் தீனியைத் தொடுவதில்லை.

“திருப்பிக் கொடுத்தரலாம்னு இருக்கறங்கம்மா” என்று முடித்தாள் சுலோச்சனா.

அம்மா அவள் மணிக்கட்டில் இருந்த பல் தடத்தைப் பார்த்தார்.

“நான் வந்து பாக்கட்டுங்களா?”

“நீங்களா?”

“முயல நான் பக்கத்துல பாத்ததே இல்லக்கா.”

அம்மா யார் வீட்டுக்கும் போகிறவர் இல்லை. அன்று மத்தியானமே சுலோச்சனாவோடு பஸ் ஏறினார்.

நடராஜ் வாசலில் நின்றுகொண்டிருந்தார். என்ன செய்வது என்று தெரியாமல் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். மோர் கொடுத்தார். அம்மா குடித்துவிட்டு, “எங்க இருக்குதுங்க?” என்றார்.

மூன்று பேரும் மாடிக்குப் போனார்கள். நடராஜ் கூண்டுகளைத் தூக்கி வந்தார். அம்மா தரையில் சுவரோரம் உட்கார்ந்தார்.

“எப்பவும் செய்யற மாதிரியே செய்யுங்கக்கா.”

சுலோச்சனா அறை நடுவில் மண்டியிட்டாள். கதவுகள் திறந்தன. வரகு மெல்ல வெளியே வந்தது. பஞ்சு தலையை நீட்டிப் பார்த்தது. அது ஓர் அடி முன்னால் வைப்பதற்குள் சுலோச்சனாவின் கை இரண்டுக்கும் நடுவில் இருந்தது. பஞ்சு அந்தக் கையைச் சுற்றிக்கொண்டு பாய்ந்தது. வரகைத் தூக்கிக் கூண்டில் போட்டுக் கதவைச் சாத்தினாள்.

“இப்படித்தாங்கம்மா. பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

அம்மா தன் பக்கத்தில் தரையைத் தட்டினார். “இங்க வந்து உக்காருங்க.”

உட்கார்ந்தாள்.

“கையக் கொடுங்க.”

நீட்டினாள்.

“ரெண்டு கையும்.”

இரண்டையும் அம்மா தன் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டார். பிறகு நடராஜைப் பார்த்தார். “அண்ணா, நீங்க திறந்துவிடுங்க.”

பஞ்சு நேராக வந்தது. வரகு ஓடியது. அறையைச் சுற்றி ஒரு சுற்று, இன்னொரு சுற்று. நகங்கள் தரையில் வழுக்கின. பழுப்பு முடி கொத்தாகப் பறந்தது.

“அம்மா, விடுங்க!”

“புரளுதுங்களா?”

“முடியப் பிடுங்குதுங்கம்மா!”

“கட்டிப் புரளுதுங்களா?”

“இல்ல.”

“அப்ப இருங்க.”

வரகு மூலையில் மாட்டிக்கொண்டது. பஞ்சு அதன் முதுகைக் கவ்வியது. நடராஜ் ஒரு துண்டை விரித்துப் பிடித்தபடி எழுந்தார். அம்மாவின் முழங்காலும் தரையை விட்டு எழும்பியது. அவருடைய உள்ளங்கை வியர்த்திருப்பது சுலோச்சனாவுக்குத் தெரிந்தது.

பஞ்சு விட்டது. வரகு நழுவி ஓடியது. மறுபடி துரத்தல்.

சுலோச்சனா தலையைக் குனிந்துகொண்டாள். முயல்களைப் பார்க்காமல் தரையைப் பார்த்துப் பேசினாள்.

“எங்கப்பா எங்கம்மாவ அடிப்பாருங்க. சின்ன வயசுல நாந்தான் நடுவுல போய் நிப்பேன்.”

“நீங்க போனா அடி நிக்குங்களா?”

“நின்னுரும். என் மேல ஒண்ணு விழும். விழுந்ததும் ரெண்டு பேருமே சண்டைய நிறுத்திருவாங்க. அப்புறம் எங்கம்மா எனக்கு மஞ்சப் பத்துப் போட்டுவிடுவாங்க. அன்னிக்கு வீடு அமைதியா இருக்கும்.”

நடராஜ் திரும்பி மனைவியைப் பார்த்தார். இத்தனை வருடத்தில் இதை அவர் கேள்விப்பட்டதில்லை.

 அம்மா பிடியைத் தளர்த்தவில்லை.

“ஆபீஸ்லயும் அப்படித்தாங்கம்மா. யாராச்சும் குரல ஒசத்தினாப் போதும். என் காலு தானா எந்திரிச்சுப் போயிரும்.”

“இப்பவும் எந்திரிக்குதுங்களா?”

“எந்திரிக்குதுங்க.”

“எந்திரிக்கட்டும். நான் பிடிச்சிருக்கறேன்.”

சுலோச்சனா அழுதாள். சத்தம் இல்லாமல், மூக்கைத் துடைக்கக் கை இல்லாமல், அப்படியே அழுதாள்.

நகச் சத்தம் நின்றிருந்ததை முதலில் கவனித்தவர் நடராஜ். “இங்க பாரு” என்றார் மெதுவாக.

வரகு அறை நடுவில் தலையைத் தரையோடு வைத்துப் படுத்திருந்தது. கண் மட்டும் விழித்திருந்தது. பஞ்சு அதன் எதிரில் நின்றது. மூக்கு துடித்தது. பின்னங்காலால் தரையை ஓங்கி ஓர் அறை அறைந்தது. வரகு அசையவில்லை. பஞ்சு திரும்பி உட்கார்ந்து, அங்கே யாருமே இல்லாததுபோல, முன்னங்கால்களால் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டது.

பிறகு தட்டில் இருந்த தழைக்குப் போனது. ஒரு காம்பை இழுத்து மென்றது.

காம்பு முழுவதும் உள்ளே போகும்வரை மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்னொரு காம்பை எடுத்தது.

கொஞ்ச நேரம் கழித்து வரகு எழுந்து, தட்டின் அந்த ஓரத்துக்கு வந்தது. பஞ்சு காதைப் பின்னால் மடக்கியது. ஆனால் மெல்லுவதை நிறுத்தவில்லை.

பொழுது சாய்வதற்குள் இன்னும் இரண்டு மூன்று தடவை துரத்தியது. ஒவ்வொரு தடவையும் சுலோச்சனாவின் கை துள்ளியது. பஸ்ஸுக்கு நேரமானதும் அம்மா கைகளை விட்டார். அவற்றில் சிவப்பாக விரல் தடம் இருந்தது. நடராஜ் வந்து அந்த இடத்தில் உட்கார்ந்து, மனைவியின் கையைத் தன் கையில் எடுத்துக்கொண்டார்.

அடுத்த நாட்களிலும் மாலையானால் அவர்கள் இருவரும் மாடிச் சுவரோரம் உட்கார்ந்தார்கள். துரத்தல் குறைந்தது. ஒரு நாள் வரகு படுத்திருந்த இடத்துக்குப் பஞ்சு தானாகப் போய்ப் பக்கத்தில் காலை நீட்டியது. பிறகு இரண்டுக்கும் ஒரே கூண்டு என்றானது.

மறுபடி ஒரு ஞாயிறு. கண்மூடி இருந்தவர்கள் எழுந்த பிறகு சுலோச்சனா அம்மாவின் அருகே போனாள்.

“ரெண்டும் இப்ப ஒட்டிப் படுத்துத் தூங்குதுங்கம்மா. பஞ்சு நல்லாச் சாப்பிடுது.”

“சந்தோசங்கக்கா.”

“டாக்டர் சொன்னதெல்லாம் நானும் செஞ்சேன். எனக்கு ஆகல. நீங்க ஒரு மத்தியானம் வந்தீங்க, ஆயிருச்சு. முயலுகள என்னங்கம்மா பண்ணீங்க?”

அம்மா பாயைச் சுருட்டிக்கொண்டே அவளைப் பார்த்தார்.

“முயலுகள நான் தொடவே இல்லீங்களேக்கா. உங்க கையத்தான பிடிச்சிருந்தேன்.”